இருபதுக்கு ஒன்று

கருங்கலில் பஸ் இறங்கி, பெட்டியை ஒரு சுமைகாரன் தலையில் ஏற்றிவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் இரண்டு மைல் நடந்தேன். கொல்லம் ஆயிரத்து நூற்றுப்பத்து, புரட்டாசி கடைசி. பெய்யவும் பெய்யாமல் விடவும் விடாமல் வானம் கறுத்துக் கிடந்தது. மரச்சீனிக் கிழங்கு விளைகளைத் தாண்டியதும் ஓடு வேய்ந்த நீளக் கட்டிடம் ஒன்று தெரிந்தது. செங்கோட்டுவிளைப் பிரசவ ஆஸ்பத்திரி. எட்டுக் கட்டில், ஒரு டாக்டரம்மா, இரண்டு நர்சு, ஒரு கம்பவுண்டர். அந்தக் கம்பவுண்டர் இனிமேல் நான்.

என் பெயர் மீரான் முகைதீன். தேங்காய்ப்பட்டணத்துக்காரன். நெய்யூரில் மருந்து கலக்கப் படித்து, அங்கேயே ஆறு வருஷம் வேலை பார்த்தவன். "அத விட்டுட்டு இந்தக் காட்டுக்குப் போறதுக்கு ஒனக்குக் கிறுக்கா?" என்று கேட்காத சொந்தக்காரன் கிடையாது. கிறுக்குத்தான். என் தங்கச்சி மெஹ்ருன்னிசாவுக்காகப் பிடித்த கிறுக்கு.

மெகருவுக்கு ஏற்கெனவே இரண்டு பிரசவம். இரண்டும் வீட்டில். இரண்டு பிள்ளையும் தங்கவில்லை. இரண்டாம் தடவை கை கழுவாத மருத்துவச்சி ஒருத்தி வந்து போன மறுநாள் காய்ச்சல் பிடித்து, முப்பது நாள் கிடந்து, எலும்பும் தோலுமாக எழுந்தாள். இன்னொரு காய்ச்சலை இந்த உடம்பு தாங்காது என்று எனக்குத் தெரிந்த டாக்டர்கள் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். இப்போது மூன்றாவது, ஒன்பதாம் மாசம். அவள் மாமியார் ஹமீதா பீவி, ஆண் டாக்டர் கை படுவதென்றால் பிள்ளையே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். செங்கோட்டுவிளையில் டாக்டர் பெண். நேசம்மாள் என்று பேர். மாமியின் கையைக் காலைப் பிடித்துச் சம்மதிக்க வைத்தேன். என் தங்கச்சி உடம்பில் படப்போகிற கையும் துணியும் கத்தரியும் நான் கலக்கின மருந்தில் கழுவினதாக இருக்கவேண்டும். அதற்காகத்தான் அவளுக்கு மூன்று வாரம் முந்தியே நான் வந்து சேர்ந்தேன்.

மருந்தறையைத் திறந்து காட்டியவள் நர்சு சத்தியபாய். நாற்பத்தைந்து வயது இருக்கும். கதவைத் தள்ளிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"உள்ள வரல்லியா?" என்றேன்.

"நீரு பாத்துக்கிடும். எனக்கு வார்டுல சோலி கெடக்கு."

உள்ளே கார்பாலிக் வாசனை. அது எனக்குப் பழகின வாசனைதான். தாரும் இனிப்பும் கலந்த மாதிரி மூக்கில் ஏறி, தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அந்த அறை ஆறு மாசமாகப் பூட்டிக் கிடந்ததென்று சொன்னார்கள். டாக்டரம்மாவே வார்டில் ஒரு மூலையில் வைத்து மருந்து கலக்கிச் சமாளித்திருக்கிறாள். பூட்டிக் கிடந்த அறையில் வாசனை இப்போதுதான் குப்பியைத் திறந்த மாதிரி இருந்தது. ஜன்னலோரம் கை வைத்த நாற்காலி ஒன்று. அதன் இரண்டு கைகளிலும் நுனிப்பக்கம் மட்டும் வார்னிஷ் உரிந்து வெளுத்திருந்தது.

"இதுக்கு முந்தி இருந்த கம்பவுண்டர் எங்க போனாரு?"

"ஏசுஅடிமைக் கம்பவுண்டரா? செத்துப்போனாரு." சொல்லிவிட்டு, நான் அடுத்த கேள்வி கேட்பதற்குள் சத்தியபாய் நடையைக் கட்டினாள்.

மருந்து கலக்குவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மறைப்பானேன்? கார்பாலிக் அமிலம் கட்டியாக உறைந்துதான் வரும். குப்பியை வெந்நீரில் நிறுத்தி உருக்கி, அதில் பத்துக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டு வைத்தால் பிறகு உறையாது. அதிலிருந்து அளவுக் கண்ணாடியில் அளந்து எடுத்து, கொதித்த தண்ணீர் சேர்த்து, அமிலம் ஒரு பங்கு மொத்தம் இருபது பங்கு என்று கலக்கவேண்டும். இதற்குப் பேர்தான் இருபதுக்கு ஒன்று. மற்ற எல்லாவற்றுக்கும் இதுதான் தாய். கத்தரிக்கு இதை அப்படியே வைக்கலாம். கைக்கும் துணிக்கும் என்றால் சரிபாதி தண்ணீர் விட்டு நாற்பதுக்கு ஒன்று ஆக்கிக் கொடுக்கவேண்டும். தாய் பிசகினால் எல்லாமே பிசகும். தண்ணீர் ஓரளவுக்குமேல் அமிலத்தைக் குடிக்காது; மிஞ்சினது எண்ணெய்த் துளியாகத் திரண்டு ஜாடி அடியில் கிடக்கும். அந்தத் துளி முழு விஷம். கலங்கல் இல்லாமல், துளி இல்லாமல் ஜாடி தெளிந்து நிற்பதைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கார்பாலிக் பட்டால் முதலில் பெரிதாக எரியாது. அதுதான் அதன் சூது. எரிந்தால் கையை உதறிவிடுவோம். இது பட்ட இடத்தை வெளுக்க வைத்து, மரக்க வைத்து, பேசாமல் உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் அமிலக் குப்பியை நீல நிறத்தில், ஆறு பட்டையாக, புறமெல்லாம் வரி வரியாக மேடு வைத்துச் சீமையில் செய்கிறார்கள். இருட்டில் கை தவறி எடுத்தாலும், இது விஷம், கீழே வை என்று விரலே சொல்லிவிடும். ஆறவைத்த வெந்நீர் வைக்கிற குப்பியோ வழவழவென்று இருக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதே என்று எனக்குப் படித்துக் கொடுத்தவர் சொல்லியிருந்தார். இங்கே தட்டே ஒன்றுதான் இருந்தது.

முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலையில் கலக்கின ஜாடியை மத்தியானம் வந்து பார்த்தேன்.

அடியில் துளிகள் கிடந்தன.

இளஞ்சிவப்பாக, தேங்காயெண்ணெய் முத்துப்போல, ஏழெட்டு. நான்தான் கணக்கில் தவறிவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் கொட்டி, புதிதாகக் கலக்கினேன். மறுநாள் மத்தியானமும் துளிகள். அதற்கு மறுநாளும். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நேராக வார்டுக்குப் போய்ச் சத்தியபாயிடம் கத்தினேன்.

"எனக்க ஜாடியில ஆரு கைய வச்சது?"

"ஓய், வாய அளந்து பேசும். அதுல கை வைக்கதுக்கு எனக்கு என்ன, கை வேண்டாதியா கெடக்கு?"

"அப்பம் ஆரு அமிலத்தக் கூட்டி ஊத்துகது? காத்தா?"

அவள் குரலைத் தணித்துக் கேட்டாள். "மத்தியானமா?"

"ஆமா."

"செரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கலக்கி வைத்துவிட்டு அறையைப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து திறந்தேன். துளிகள் இருந்தன. அது மட்டுமில்லை. அமிலக் குப்பியின் கண்ணாடி மூடி கழற்றப்பட்டு, மேஜையில் ஒரு காகிதத்தை மடித்துப் போட்டு, அதன்மேல் தலைகீழாக வைக்கப்பட்டிருந்தது. மூடியின் நுனி மேஜையில் படக்கூடாது என்று அக்கறை உள்ள கம்பவுண்டர் அப்படித்தான் வைப்பான். நானும் அப்படித்தான் வைப்பேன். ஆனால் நான் வைக்கவில்லை.

ஜன்னலோரம் இருந்த நாற்காலி, மேஜைக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுவிட்டாள். அவள் இரண்டு உள்ளங்கையும் வெந்நீரில் ஊறினதுபோல வெளுத்துச் சுருங்கியிருந்தன. "கம்பவுண்டரே, இதுக்குப் பேரு நாப்பதுக்கு ஒண்ணா? இது எனக்க கை. தோசமில்ல. ஒரு பிள்ளைத்தாச்சி மேல பட்டிருந்தா? இன்னொருக்க இப்பிடி ஆச்சுன்னா நீங்க பொட்டியக் கட்டிரணும்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அறைக்குள் யாரோ வருகிறார்கள் என்று சொன்னால் என்னைக் கிறுக்கன் என்று அப்போதே அனுப்பிவிடுவாள். நான் போனால் மாமி மெகருவை இங்கே விடமாட்டாள். பழையபடி வீடு, பழையபடி அந்த மருத்துவச்சி, பழையபடி காய்ச்சல். வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கணத்தில் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சாயங்காலம் சத்தியபாய் தானாகவே வந்தாள். வராந்தாவில் நின்று, அறைப் பக்கம் பார்க்காமல் பேசினாள்.

"அவரு நல்ல மனுசன், கேட்டீரா. இருவத்திரெண்டு வருசம் இந்த அறையிலதான் இருந்தாரு. அளவுக் கண்ணாடி எல்லாம் அவருக்கு வேண்டாம். மருந்தில விரல முக்கி, பெருவிரலோட ஒரசிப் பாப்பாரு. சுறுசுறுன்னா நாப்பதுக்கு ஒண்ணு. மரமரன்னா இருவதுக்கு ஒண்ணு. அவரு விரலு சொன்னா டாக்டரம்மாவே மறுபேச்சு பேசமாட்டா."

"விரல விட்டுப் பாக்கதுக்கு அது என்ன ரசமா?" என்றேன். எனக்கு அப்போதும் வாய் குறையவில்லை.

"அதத்தான் சொல்ல வாறேன். இருவத்திரெண்டு வருசம் முக்கின விரலு செத்துப்போச்சு. அது அவருக்கே தெரியாது. மருந்து எம்புட்டுக் காரமா இருந்தாலும், கொறவா இருக்கே, கொறவா இருக்கேன்னு ஊத்திக்கிட்டே இருந்திருக்காரு. போன பங்குனியில குழித்துறைப் பக்கத்துல இருந்து ஒரு பிள்ள வந்தா. தலைப்பிரசவம். அவரு தந்த மருந்துலதான் நான் தொடச்சேன். எனக்க கையாலதான் தொடச்சேன்." சத்தியபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மூணு நாளு கெடந்தா. பெறகு போயிட்டா."

மழை தூற ஆரம்பித்தது. அவள் குரல் இன்னும் தணிந்தது.

"அவரு ஓடல்ல. அழவும் இல்ல. அந்த அறைக்குள்ள போயி, கதவச் சாத்தி, ஏனம் நெறைய முழு அமிலத்த ஊத்தி, ரெண்டு கையையும் அதுல வச்சிக்கிட்டு இருந்திருக்காரு. எரியுதான்னு பாக்கதுக்கு."

"எரிஞ்சுதா?" முட்டாள்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"கதவ ஒடைச்சுப் பாக்கும்போ நாக்காலியில சாஞ்சு இருந்தாரு. உசிரு இல்ல. மொகத்துல ஒரு நோவும் இல்ல கம்பவுண்டரே. என்னமோ ஒண்ணுக்குக் காத்து இருக்க மாதிரி இருந்தாரு."

பேயாவது பிசாசாவது என்று சொல்லிவிட்டு எழுந்தேன். ஆனால் அன்றுமுதல் அந்த நாற்காலியில் நான் உட்காரவில்லை. இருபதுக்கு ஒன்றைத் தேவைப்படும்போது மட்டும் கலக்கி, கையோடு கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுவேன். ஒரு வாரம் தொந்தரவு இல்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஒருநாள் விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு ஒளு செய்ய, கைகால் கழுவ உட்கார்ந்தேன். ஐப்பசிக் குளிரில் கிணற்றுத் தண்ணீர் கையில் விழுந்தது. நாலு விரலில் குளிர்ந்தது.

ஆள்காட்டி விரலில் ஒன்றும் தெரியவில்லை.

வெளிச்சத்தில் பார்த்தேன். நுனி வெளுத்து, சுருங்கி, ரொம்ப நேரம் எதிலோ ஊறின மாதிரி இருந்தது. அமிலத்தை நான் விரலால் தொட்டதே கிடையாது; தொட்டவனைத் திட்டுகிறவன் நான். அடுத்த நாள் நடுவிரல். அதற்கும் அடுத்த நாள் மோதிர விரல். மருந்துப் புழக்கத்தில் வருகிற கோளாறு, எண்ணெய் தடவினால் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளக்கெண்ணெய் தடவிப் படுப்பேன். காலையில் எழுந்தால் எண்ணெய் இருக்காது. விரல்கள் கார்பாலிக் வாசனை அடிக்கும்.

அந்த வாரம்தான் முதல் தடவையாகக் குரலைக் கேட்டேன். மத்தியானம், அறைக்கதவு திறந்திருக்க, வெளியே வெயில் அடிக்க, முத்துக்கனி என்கிற ஆயா முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருக்க, என் வலது காதுக்குப் பக்கத்தில், ஒரு வயசான மரியாதையான குரல்.

"கொறவா இருக்கு மக்கா."

அளவுக் கண்ணாடி கையிலிருந்து விழுந்து உடைந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முற்றத்துக்கு ஓடிப்போய் முத்துக்கனி பக்கத்தில் நின்றுகொண்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்போதே பெட்டியைக் கட்டியிருக்கவேண்டும். ஆனால் மெகருவுக்கு நாள் நெருங்கிவிட்டது.

ஐப்பசி இருபத்திரண்டு. காலையிலிருந்து விடாத மழை. பகல் பன்னிரண்டு மணிக்கு, துணி கட்டி மறைத்த வில்வண்டி வாசலில் வந்து நின்றது. ஹமீதா பீவி முதலில் இறங்கினாள். பிறகு மெகரு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் அந்த வலியிலும் சிரித்தாள்.

"காக்கா, நீ இருக்கேன்னுதான் தைரியமா வந்தேன்."

"பேடிக்காதே. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். என் கையைப் பிடித்தாள். அவள் கை சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

பழையது எல்லாவற்றையும் கொட்டினேன். ஜாடியைக் கொதிநீரில் மூன்று தடவை கழுவினேன். விரலை நம்பவில்லை, கண்ணை மட்டும் நம்பினேன். புது அளவுக் கண்ணாடியில் கோட்டுக்குச் சரியாக அமிலம், கோட்டுக்குச் சரியாகத் தண்ணீர். ஜாடியைக் குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். துளி இல்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். லுஹர் நேரம் போயிற்று, அசர் நேரம் நெருங்கியது. கண்ணை எடுக்கவில்லை. உள்ளே மெகருவின் முனகல் கேட்டபடி இருந்தது. ஜாடி தெளிவாகவே நின்றது.

நாலு மணிக்கு மழை இறுகி, அறை அந்தி மாதிரி இருண்டுவிட்டது. காற்றில் விளக்கு அணைந்தது. அதே நேரம் சத்தியபாய் ஜக்கோடு ஓடிவந்தாள்.

"தலை தெரியுது! நாப்பதுக்கு ஒண்ணு, ஒரு ஜக்கு, சட்டுனு!"

விளக்கேற்ற நேரமில்லை. ஜாடியிலிருந்து பாதி ஜக்கு ஊற்றினேன். மீதிப் பாதிக்கு ஆறவைத்த வெந்நீர். தட்டைக் கையால் தடவினேன். வழவழவென்ற குப்பி கையில் வந்தது. உருட்டிப் பார்த்தேன், வழவழப்புத்தான். ஊற்றினேன். ஜக்கைச் சத்தியபாய் வாங்கிக்கொண்டு ஓடினாள்.

"இப்பம் செரியா இருக்கும் மக்கா."

காதருகில்தான். திருப்தியாகச் சொன்ன குரல்.

வெட்டின மின்னலில் என் கையைப் பார்த்தேன். கையில் இருந்தது நீலக் குப்பி.

விரலால் தேய்த்தேன். வழவழப்பு. கண்ணால் பார்த்தேன். வரி வரியாக மேடு. மறுபடி தேய்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை.

யா அல்லாஹ்!

ஓடினேன். பிரசவ அறை வாசலை அடைத்துக்கொண்டு ஹமீதா பீவி நின்றாள். அந்த வாசலைத் தாண்டி எந்த ஆணும் போகமாட்டான். அதிலும் கூடப்பிறந்தவன் போகவே மாட்டான்.

"எங்க வாறே? கூறு கெட்டுப்போச்சா ஒனக்கு?"

"மாமி, விடுங்க! அது விசம்!"

"உள்ள போவணும்னா எனக்க மையத்தத் தாண்டித்தான் போவணும்!"

அவளைப் பிடித்துத் தள்ளினேன். என் உம்மா வயசுக்காரியைத் தள்ளினேன். உள்ளே சத்தியபாய் துணிக்குமேல் ஜக்கைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். கத்த நேரமில்லை. கையை நீட்டி, விழுந்ததை என் கையில் வாங்கினேன். ஜக்கைத் தட்டிவிட்டேன். அது சுவரில் மோதி உருண்டது.

"வெளிய போ!" என்று டாக்டரம்மா அலறினாள். அடுத்த மூச்சில் வாசனை அவள் மூக்கில் ஏறியது. என் முழங்கை வரை தோல் சுண்ணாம்பு பூசினது மாதிரி வெளுத்துக்கொண்டே போவதைப் பார்த்தாள். ஜக்கிலிருந்து கொட்டினது தரையில் எண்ணெயாக ஓடுவதையும் பார்த்தாள். ஸ்பிரிட் குப்பியை எடுத்து என் கையில் கவிழ்த்துவிட்டு, சத்தியபாயிடம், "வெறும் கொதிச்ச வெள்ளம் போதும். கொண்டா" என்றாள்.

எனக்கு வலிக்கவே இல்லை. வெளியே வந்து சுவரில் சாய்ந்து, அழுதுகொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் வீறல் கேட்டது.

பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். ஒரு துளிகூட மெகரு மேல் படவில்லை. கட்டுப்போட்ட கையோடு நான்தான் பிள்ளையின் காதில் பாங்கு சொன்னேன். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், முழுக்கக் கேட்டாள். மறுநாளே மருந்தறையில் இருந்த கார்பாலிக் குப்பி அத்தனையையும் சுண்ணாம்போடு குழியில் இறக்கி மூடச் சொன்னாள். நாற்காலியை எரித்தார்கள். அவள் போகச் சொல்வதற்கு முந்தியே நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். மெகருவுக்குக் காய்ச்சல் வரவில்லை. பத்தாம் நாள் நாங்கள் எல்லோரும் ஒரே வண்டியில் தேங்காய்ப்பட்டணம் திரும்பினோம்.

கை ஆறியது. விரல்கள் ஆறவில்லை. இனி ஆறாது என்று தெரிந்துவிட்டது. போகட்டும், தங்கச்சியும் பிள்ளையும் கிடைத்தார்களே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மாமிகூட என்னை மன்னித்துவிட்டாள்.

பிள்ளை பிறந்த நாற்பதாம் நாள் குளிப்பு. வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகையும் நெய்ச்சோற்று வாசனையுமாக இருந்தது. பகல் பதினொரு மணி, நல்ல வெயில். நான் அடுக்களை வாசலில் நின்றேன். மெகரு தலை துவட்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்தாள்.

"காக்கா, ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். அண்ணைக்கு ஒன்கூட ஒரு வயசான ஆளு உள்ள வந்தாரே, அவரு ஆரு? மாமி கேட்டா ஏசுவான்னு நான் இதுவரைக்கும் வாயத் தொறக்கல்ல."

"எந்த ஆளு?" என்றேன்.

"நல்ல மனுசன். என் கால்மாட்டுல நிண்ணு, எரியுதா மக்கா, எரியுதா மக்கான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. எனக்கு ஒண்ணும் எரியல்லன்னு சொன்னேன். அவருக்கு அழுகை வந்துட்டு. பெறகு பிள்ள பெறந்ததும் குனிஞ்சு அதுக்க மொகத்தப் பாத்தாரு."

பின்கட்டு முற்றத்தில் ஹமீதா பீவி மணைப்பலகையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் போட்டு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எங்களுக்கும் அவளுக்கும் பத்து எட்டு நடக்கிற தூரம். பக்கத்தில் பித்தளை அண்டாவில் வெந்நீர் ஆவி பறந்தது. அவள் செம்பை எடுக்கப் போனவள், கையை நிறுத்தி, திரும்பிப் பார்க்காமல் கூப்பிட்டாள்.

"மெகரு, இன்னும் ரெண்டு செம்பு கொதிவெள்ளம் கொண்டா. சூடு கொறவா இருக்காம்."

"ஆரு சொன்னது மாமி?" என்று கத்தினேன்.

அவள் திரும்பினாள். நான் பத்து எட்டுக்கு அப்பால் நிற்பதைப் பார்த்தாள். முகம் மாறியது.

"நீ... நீதானே மீரான், இப்பம் என் காதுக்குப் பக்கத்துல நிண்ணு சொன்னே?"

பாய்ந்து அண்டாவை உதைத்தேன். தண்ணீர் மண்ணில் விழுந்து புஸ்ஸென்று ஆவி எழும்பியது. முழங்காலில் தெறித்த இடம் கொப்புளித்தது. மெகரு பிள்ளையை வாரிக்கொண்டு சுவரோரம் ஓடினாள். பிள்ளை மேல் ஒரு சொட்டுப் படவில்லை. அல்ஹம்துலில்லாஹ், ஒரு சொட்டுப் படவில்லை.

நானே கிணற்றில் பச்சைத் தண்ணீர் இறைத்து அதே அண்டாவில் ஊற்றி, முற்றத்தின் நடுவில் வைத்தேன். மூன்று பேரும் விலகி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். காற்று இல்லை. தென்னோலைகூட அசையவில்லை. அலையடங்கித் தண்ணீர் கண்ணாடிபோல நின்றது.

பிறகு நடுவில் ஒரு சின்ன வட்டம் எழுந்து, விரிந்து, அண்டாவின் ஓரத்தைத் தொட்டது.

வட்டம் அடங்கியது. ஆனால் நடுவில், ஒரு விரல் இறங்கும் அளவுக்கு, தண்ணீர் மூடிக்கொள்ளாமல் பள்ளமாகவே நின்றது.